ஒரே நாளில் நடை, சைக்கிள், நீச்சல்: நீர்த்தேக்கப் பூங்காவில் எது முடியும், எது முடியாது?

#1 செங்காங்வாசி
வணக்கம். நவம்பர் முதல் வாரம் திருச்சியிலிருந்து உறவுக்காரங்க சிங்கப்பூர் வர்றாங்க. மொத்தம் ஏழு பேர். ரெண்டு பேர் அறுபதைத் தாண்டினவங்க, ஒருத்தருக்கு முட்டி வலி. ஒன்பது வயசுப் பொண்ணு ஒண்ணு. மீதிப் பேர் நல்லா நடப்பாங்க, சைக்கிள் ஓட்டுவாங்க. ஒரு சனிக்கிழமை முழுக்க நீர்த்தேக்கத்துல கழிக்கலாம்னு எண்ணம்: காலையில காட்டு நடை, அப்புறம் சைக்கிள், கடைசியா தண்ணியில இறங்கி ஒரு குளியல். மெக்ரிட்சி சரியா வருமா, வேற இடம் பாக்கணுமா? நேரம், தூரம், எடுத்துட்டுப் போக வேண்டியது எல்லாம் விவரமா சொல்லுங்க.

#2 தெம்புசு
நல்ல திட்டம். ஆனால் மூன்றும் ஒரே நீர்த்தேக்கத்தில் நடக்காது. மெக்ரிட்சியின் காட்டுப் பாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நீர்த்தேக்கத்தில் இறங்கிக் குளிப்பது மெக்ரிட்சியில் மட்டுமல்ல, சிங்கப்பூரின் 17 நீர்த்தேக்கங்களிலும் கூடாது. அனுமதி பெற்று நடத்தும் போட்டி, பயிற்சி போன்றவை தனிக் கணக்கு. ஆகவே நடைக்கு ஓர் இடம், சைக்கிளுக்கு ஓர் இடம், நீச்சலுக்கு ஓர் இடம் என்று பிரித்துவிட்டு, மூன்றையும் ரயிலால் கோத்துக்கொள்ளுங்கள்.

நடைக்கு மெக்ரிட்சிதான். 1868இல் கட்டி முடித்த இங்குள்ள மிகப் பழைய நீர்த்தேக்கம் அது. சுற்றியிருக்கும் காட்டை நீர்ப்பிடிப்புப் பகுதியாகக் காத்ததால்தான் இவ்வளவு பெரிய மரங்கள் நகரத்தின் நடுவில் இன்னும் நிற்கின்றன. தொங்குபாலத்தையும் சேர்த்து முழுச் சுற்று 10 முதல் 11 கிலோமீட்டர். நன்றாக நடப்பவர்களுக்கு மூன்றரை மணி நேரம், பிள்ளையோடு போனால் ஐந்து. உங்கள் கூட்டத்துக்கு முழுச் சுற்று வேண்டாம். வீனஸ் டிரைவ் பக்கம் வின்சர் இயற்கைப் பூங்காவில் தொடங்கி, பாலம் வரை போய்த் திரும்பினால் ஆறேழு கிலோமீட்டர்தான்.

#3 பலகைப்பாதை
தெம்புசு சொல்ற வின்சர் வழி சரி. நேரத்தை மட்டும் துல்லியமா வச்சுக்குங்க. பாலம் செவ்வாய் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்குத் திறக்கும், சனி, ஞாயிறு, பொது விடுமுறையில 8.30க்கு. மாலை 5க்கு மூடிருவாங்க, கடைசி நுழைவு 4.45. திங்கட்கிழமை மூடல், அன்னைக்குப் பொது விடுமுறையா இருந்தா திறப்பு. பராமரிப்புக்காக இடையில மூடுறதும் உண்டு. அதனால முந்தின நாள் தேசியப் பூங்காக் கழகத்தோட இணையப் பக்கத்துல அறிவிப்பு ஏதாவது இருக்கான்னு பாத்துட்டுக் கிளம்புங்க.

அப்பர் தாம்சன் எம்ஆர்டி ரயில் நிலையத்துலேருந்து வீனஸ் டிரைவ் நடந்தே போற தூரம், இருபது நிமிஷம் ஒதுக்குங்க. 7.30க்குக் காட்டுக்குள்ள கால் வச்சா 8.30 சுமாருக்குப் பாலத்துக்கிட்ட இருப்பீங்க. வின்சர் வாசல்லயே கழிவறையை முடிச்சுட்டுப் போங்க. வழியில வனக்காவலர் நிலையத்துல தண்ணி பிடிச்சுக்கலாம்.

பாலம் 250 மீட்டர், உயரமான இடத்துல தரையிலிருந்து 25 மீட்டர். அகலம் ஒரு ஆள் நடக்குற அளவுதான், அதனால ஒருவழி. பாதியில பயந்து திரும்ப முடியாது. இது முக்கியம்: உயரம் ஒத்துக்காதவங்க ஏறாம காவலர் நிலையத்துல உக்காந்துக்கட்டும். பாலத்தைத் தாண்டின பிறகு பெட்டாலிங் பாதை முழுக்கப் பலகைப் படிகள், ஏறி ஏறி இறங்கணும். பாலத்தைவிட முட்டிக்காரங்களுக்குச் சோதனை அந்தப் படிகள்தான்.

#4 கரையோரம்
முட்டி வலி உள்ளவரை இந்தப் பாதைக்கே கூட்டிப் போக வேண்டாம். பெரியவர்கள் இருவருக்கும் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கம் போதும். பழைய அப்பர் தாம்சன் சாலைப் பக்கம் நுழைவு. காட்டுக்குள் ஏறத்தாழ 900 மீட்டர் பலகைப்பாதை. மெக்ரிட்சி போல ஏற்றமும் வேரும் கிடையாது. நின்று நின்று போனாலும் முக்கால் மணி நேரம். நீரோரம் உட்கார இடம் உண்டு. ஒருவர் துணைக்கு இருந்தால் மற்றவர்கள் வின்சரில் நடந்து முடிக்கலாம். இரண்டு இடமும் அப்பர் தாம்சன் பக்கமே என்பதால் 11 மணிக்குக் காசுவரினா ரோட்டில் பரோட்டா சாப்பிட எல்லாரும் ஒன்றுசேரலாம்.

ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து வருபவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் படித்துறை தேடும் கண். கால் நனைக்க, முகம் கழுவ, பூ விட, மிச்ச இட்லியை மீனுக்குப் போட எல்லாம் கை நீளும். முதல் நாளே சொல்லி வையுங்கள்: இது ஊர்க்குளம் அல்ல, நம் வீட்டுக் குழாய்க்கு வரும் தண்ணீர். சுத்திகரித்துத்தான் வருகிறது, உண்மை. ஆனால் மேலே சேரும் அழுக்கு குறையக் குறைய, கீழே சுத்திகரிப்பும் எளிது.

#5 செங்காங்வாசி
மிக்க நன்றி. பெரியவங்களுக்கு லோவர் பியர்ஸ் முடிவு. நீச்சல் பத்தி ஒரு சந்தேகம். ஓரமா முழங்கால் அளவு தண்ணியில பொண்ணு நின்னா என்ன ஆகும்? நீந்தப் போறது இல்லையே.

#6 நீர்க்காகம்
நிற்கவே கூடாது. விதி ஒரு பக்கம் இருக்கட்டும், காரணத்தைச் சொல்கிறேன்.

நீர்த்தேக்கத்தின் கரை கடற்கரை மாதிரி படிப்படியாக ஆழமாவதில்லை. பள்ளத்தாக்கை அணை கட்டி நிரப்பினால் பழைய மலைச்சரிவுதான் கரை. சில இடங்களில் கல் பதித்த சரிவு, அதன்மேல் பாசி. முழங்கால் அளவில் நிற்கும் பிள்ளை ஒரு அடி வழுக்கினால் மார்பளவு, இன்னொரு அடிக்குத் தரையே இல்லை. சரிவில் பாசி இருப்பதால் திரும்ப ஏறவும் பிடி கிடைக்காது. நீர் எடுக்கும் கோபுரம், மதகு, உபரிநீர்ப் போக்கி இவற்றின் அருகே அடியில் இழுவை இருக்கும், மேற்பரப்பு கண்ணாடி போல அசையாமல் தெரியும். உயிர்காப்பாளர் யாரும் கிடையாது. நீர் கலங்கலாக இருப்பதால் மூழ்கியவரை மேலிருந்து பார்க்கவும் முடியாது.

தண்ணீர்மேல் இருக்கத்தான் ஆசை என்றால் கயாக் என்னும் சிறிய துடுப்புப் படகு ஒரு வழி. மெக்ரிட்சியிலும் பிடோக்கிலும் உண்டு. மெக்ரிட்சியில் வாடகைக்கு எடுக்க அடிப்படைக் கயாக் சான்றிதழ் கேட்பார்கள். முதல்முறைக்காரர்கள் பயிற்றுநரோடு போகும் வகுப்பாகப் பதிவு செய்யுங்கள். மிதவை அங்கியின் கச்சையை இறுக்கிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது பெரிது, அளவை மாற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு இந்தத் தவறு அடிக்கடி நேரும்.

நீந்த வேண்டுமென்றால் பொது நீச்சல் வளாகம். கட்டணம் குறைவு, உயிர்காப்பாளர் உண்டு, குளிக்கும் அறையும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் பராமரிப்புக்கு மூடும் வளாகங்கள் பல, அது எந்த நாள் என்று முன்னமே பாருங்கள். உடை விஷயத்தில்தான் ஊரிலிருந்து வருபவர்கள் வாசலில் தடுமாறுவார்கள். பருத்தி பனியன், அரைக்கால் சட்டை, சுடிதார் அனுமதிக்க மாட்டார்கள். பருத்தி நீரை உறிஞ்சிக் கனத்து உடம்பைக் கீழே இழுக்கும், நூல் உதிர்ந்து வடிகட்டியில் சேரும். பெண்கள் உடல் முழுக்க மூட வேண்டுமென்றால் லைக்ரா துணியில் முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை கிடைக்கிறது, அதற்குத் தடையில்லை.

கடல் விருப்பம் என்றால் தேசியச் சுற்றுப்புற வாரியம் ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ், சாங்கி, செம்பவாங், செந்தோசா கடற்கரைகளின் நீரைச் சோதித்துத் தரம் வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். பெருமழை பெய்த மறுநாள் கடல் வேண்டாம், வடிகால் அழுக்கெல்லாம் அப்போதுதான் கடலுக்கு வந்து சேரும்.

#7 சைக்கிள்சங்கிலி
சைக்கிள் பகுதியை நான் எடுத்துக்குறேன். குடும்பத்துக்கு பிடோக் நீர்த்தேக்கம். சுற்றுப்பாதை 4.3 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சமதளம், ஒன்பது வயசுப் பிள்ளை ஓட்டலாம். அப்பர் தாம்சன்ல தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் ரயில் ஏறி, ஸ்டீவன்ஸ்ல டௌன்டவுன் பாதைக்கு மாறி, பிடோக் ரெசர்வோயர் நிலையத்துல இறங்குங்க. மாறுறது ஒரே ஒரு தடவைதான்.

பாதை நடக்குறவங்க, ஓடுறவங்க எல்லாருக்கும் பொது. பகிர்வுப் பாதையில மணிக்கு 25 கிலோமீட்டர்தான் உச்சம், நடைபாதையில 10. கூட்டம் இருந்தா 25ம் வேகம்தான், குறைச்சுக்கணும். 2025 ஜூலை 1லேருந்து, சைக்கிள் பாதை பக்கத்துலயே இருந்தா அதை ஒட்டின நடைபாதை நடக்குறவங்களுக்கு மட்டும். அதுல ஓட்டினா குற்றம், 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ சிறையோ கிடைக்கலாம். தரையில உள்ள குறியைப் பாத்து ஓட்டச் சொல்லுங்க. இருட்டினா முன்னால வெள்ளை விளக்கு, பின்னால சிவப்பு விளக்கு கட்டாயம்.

பகிர்வுச் சைக்கிள் (செயலி வழியா வாடகைக்கு எடுக்குறது) எடுத்தா ஏறுறதுக்கு முன்னாடி மூணு சோதனை: ரெண்டு பிரேக்கையும் தனித்தனியா அழுத்தித் தள்ளிப் பாருங்க, டயரைக் கட்டை விரலால அமுக்கிப் பாருங்க, இருக்கைப் பூட்டு நழுவுதான்னு உக்காந்து பாருங்க. முடிச்சதும் மஞ்சள் கட்டத்துக்குள்ள நிறுத்தி, அங்க இருக்குற கியூஆர் குறியை வருடணும், இல்லேன்னா கூடுதல் கட்டணம் விழும். சொந்தமா மடக்குச் சைக்கிள் வச்சிருந்தா மடக்கின நிலையில 120, 70, 40 சென்டிமீட்டருக்குள்ள இருந்தாத்தான் ரயில்ல ஏத்தலாம்.

பெரியவங்கள்ல யாருக்காவது மலைச் சைக்கிள் ஆசை இருந்தா செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா. நீர்ப்பிடிப்புக் காட்டை ஒட்டியே இருக்கு, 8 கிலோமீட்டருக்கு மேல மலைச் சைக்கிள் பாதை, நடைக்குத் தனிப் பாதை. நேரம் காலை 7 முதல் மாலை 7. பகிர்வுச் சைக்கிள் இங்க ஆகவே ஆகாது: டயர் வழவழப்பு, பிரேக் வலு போதாது, கனம் ஜாஸ்தி.

#8 உட்லண்ட்ஸ்மிதி
செஸ்ட்நட் சொன்னீங்க, டயர் காற்றைச் சொல்லலையே. புதுசா போறவங்க ரோடு சைக்கிள் பழக்கத்துல 40, 45 பிஎஸ்ஐ (டயர் காத்தழுத்த அளவு) ஏத்திட்டு வந்துர்றாங்க. வேர்மேல டயர் பந்து மாதிரி துள்ளி விழுது. 70 கிலோ ஆளுக்கு, 2.3 அங்குல டயர், உள்குழாய் இல்லாததுன்னா முன்னால 21லேருந்து 23, பின்னால 24லேருந்து 26. உள்குழாய் இருந்தா நாலு பிஎஸ்ஐ கூட்டுங்க. இல்லேன்னா வேர்ல மோதும்போது குழாய் விளிம்புக்கும் வேருக்கும் நடுவுல நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும்.

மழை பெய்ஞ்சாலும் ஓட்டலாம், மெதுவா போனா சரி.

#9 சைக்கிள்சங்கிலி
காற்றழுத்தம் ஒத்துக்குறேன். மழைக்குப் பிறகு ஓட்டுறதை ஒத்துக்க மாட்டேன். அங்க மண் களிமண் கலந்த செம்மண். ஈரத்துல டயர் பள்ளம் பறிச்சுட்டுப் போகும், அடுத்த மழைக்குத் தண்ணி அந்தப் பள்ளத்து வழியா ஓடி மண்ணை அரிக்கும், வேர் வெளிய வரும். பத்து பேர் ஈரத்துல ஓட்டினா பாதை அந்த இடத்துல அகலமாயிரும், ஏன்னா பின்னால வர்றவங்க சேத்தைச் சுத்திப் போவாங்க. காடு குறுகுறது இப்படித்தான். நல்ல மழைக்குப் பிறகு ஒரு நாளாவது காய விடுங்க. டயரோட மண் அப்பிக்கிட்டு வருதுன்னா இறங்கித் திரும்பிருங்க.

ஆளுக்கும் ஆபத்து. ஈர வேர்மேல பிரேக் பிடிச்சா சக்கரம் அப்படியே பக்கவாட்டுல ஓடும். வேருக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, வேர்மேல பிரேக்கை விட்டு, வேருக்குக் குறுக்கா செங்கோணத்துல கடக்கணும். மிதிகட்டை ரெண்டும் ஒரே மட்டத்துல, இடுப்பு இருக்கையை விட்டு எழும்பி. புதுசுன்னா இருக்கையை அஞ்சு சென்டிமீட்டர் இறக்கி வைங்க.

#10 உட்லண்ட்ஸ்மிதி
மண் அரிப்பு விஷயம் நியாயம், என் கருத்தை மாத்திக்குறேன். ஈரத்துல வேணாம். பையில வைக்க வேண்டியது: உள்குழாய் ஒண்ணு, காத்தடிக்கிற பம்பு, டயர் நெம்பு ரெண்டு, அறுகோணச் சாவிக் கொத்து, சங்கிலி இணைப்புக் கண்ணி, பின் கியர் தொங்குற கொக்கி ஒண்ணு உபரியா. அந்தக் கொக்கி ஒவ்வொரு சட்டகத்துக்கும் வேற வடிவம், காட்டுல யார்கிட்டயும் கடன் கிடைக்காது.

#11 தெம்புசு
நவம்பர் என்பதால் வானிலையைப் பேசியாக வேண்டும். அக்டோபர், நவம்பர் இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வெயில், நண்பகல் கழிந்து இடிமழை, இதுதான் பெரும்பாலான நாட்களின் போக்கு. ஆகவே நடை முதலில் என்பதில் மாற்றம் வேண்டாம். ஆனால் நீச்சலைப் பிற்பகல் 3 மணிக்கு வைத்தால் மின்னல் எச்சரிக்கையில் எல்லாரையும் நீரிலிருந்து ஏற்றிவிடுவார்கள், கரையிலேயே காத்திருப்பீர்கள்.

என் யோசனை: 7.30 முதல் 10.30 வரை நடை. 11 மணிக்குச் சாப்பாடு, அளவாக. அங்கிருந்து ரயிலில் கிழக்கே போய், 1 மணிக்குள் தெம்பனிஸ் ஹப் நீச்சல் குளம். டௌன்டவுன் பாதையில் பிடோக் ரெசர்வோயரைத் தாண்டி இரண்டாவது நிலையம் தெம்பனிஸ். இடிமழை வந்தால் வரட்டும், அந்தக் கட்டடத்திலேயே ஒதுங்க இடம் உண்டு. மழை விட்டதும் 5 மணிக்கு பிடோக்கில் சைக்கிள். அந்தப் பாதைக்கு மலைச் சைக்கிள் பாதை போல மறுநாள்வரை காயத் தேவையில்லை, தேங்கிய தண்ணீரை மட்டும் பார்த்துப் போனால் போதும்.

#12 நீர்க்காகம்
இந்த வரிசை நல்ல வரிசை. ஒன்று மட்டும்: பரோட்டாவுக்கும் நீச்சலுக்கும் நடுவே ரயிலில் போகிற நேரமே ஓய்வாகிவிடும். குளத்தில் இறங்குமுன் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மூன்று மணி நேரம் வியர்த்தவர்களுக்குக் குளிர்ந்த நீரில் தாகம் தெரியாது. ஆடுதசை பிடித்துக்கொள்வது அதிகமும் களைத்த காலில்தான்.

#13 கரையோரம்
தண்ணீர்க் கணக்கு: நடைக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர், வெயில் ஏறினால் இரண்டு. உப்பும் போகிறது, ஆகவே வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு எலுமிச்சை. உப்பைக் கூட்ட வேண்டாம், குமட்டும். மோர் கொண்டு போவதாக இருந்தால் வெப்பக் குடுவையில், பனிக்கட்டியோடு. பிளாஸ்டிக் போத்தலில் பத்து மணிக்குள் புளித்துவிடும்.

தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஈஎன்வி (myENV) செயலியில் வெப்ப அழுத்த நிலை மூன்று படியாக இருக்கும். ஈரக்குமிழ் அளவு (வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்த கணக்கு) 31 பாகைக்குக் கீழ் குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33ம் அதற்கு மேலும் அதிகம். மிதம் வந்துவிட்டால் அரை மணிக்கு ஒருமுறை நிழலில் உட்காருங்கள். வியர்வை நின்றாலும் நிற்காவிட்டாலும், பேச்சு குழறினால் அது களைப்பல்ல, வெப்பத் தாக்கு. நிழலில் படுக்க வைத்து, கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 995ஐ அழையுங்கள்.

#14 பலகைப்பாதை
காலணி பத்திச் சொல்லியே ஆகணும். ஆழமான கட்டை வச்ச மலையேற்றக் காலணிதான் பாதுகாப்புன்னு வாங்கிட்டு வர்றாங்க. மண்ணுல சரி. ஈரப் பலகையில அதுவே வழுக்கும், ஏன்னா பலகையைத் தொடுறது கட்டைகளோட நுனி மட்டும்தான். மெத்துன்னு ரப்பர் அடிப்பாகம் உள்ள ஓட்டக் காலணி, தேயாததா இருந்தா இந்தப் பாதைக்குப் போதும். புதுக் காலணி வேணாம், குதிகால் கொப்புளம் மூணாவது கிலோமீட்டர்ல வந்துரும். செருப்பு, சான்டல் கூடவே கூடாது.

ஊன்றுகோல் கொண்டு வந்தா நுனிக்கு ரப்பர் தொப்பி மாட்டுங்க. இரும்பு நுனி பலகை இடுக்குல சிக்கும்.

#15 செங்காங்வாசி
அருமை. குரங்கு இருக்கும்னு கேள்விப்பட்டேன். பொண்ணு பயப்படுவா. வேற ஏதாவது கவனிக்கணுமா?

#16 தெம்புசு
நீளவால் குரங்குகள் நிச்சயம் வரும். அவை பார்ப்பது ஆளை அல்ல, பையை. பிளாஸ்டிக் பை சரசரத்தால் உள்ளே சாப்பாடு என்று பழகிவிட்டன. ஆகவே கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். தின்பண்டம் எல்லாம் மூடிய முதுகுப் பைக்குள். பாதையில் பிரித்துச் சாப்பிட வேண்டாம். குரங்கு எதிரே வந்தால் கண்ணுக்குக் கண் பார்க்காமல், பல்லைக் காட்டிச் சிரிக்காமல், ஓடாமல், பிள்ளையை நடுவில் விட்டு நடந்து கடந்து விடுங்கள். பல் தெரிவது அவற்றுக்கு மிரட்டல். வனவிலங்குக்கு உணவு போட்டால் முதல்முறை 5,000 வெள்ளி வரை, மறுமுறை 10,000 வெள்ளி வரை அபராதம்.

குரங்கைவிடக் குளவிக்குத்தான் அஞ்ச வேண்டும். பாதையை விட்டுப் புதருக்குள் போனால் கூட்டை மிதிக்கவோ உரசவோ நேரும். ஒன்று கொட்டினால் கையால் அடிக்காதீர்கள். நசுங்கிய குளவியின் வாடையில் மற்றவை கூடிவிடும். தலையை மூடிக்கொண்டு வேகமாக விலகுங்கள். வாசனைத் தைலம், மல்லிகைப் பூ இரண்டும் அன்று வேண்டாம். பெண்கள் தலையில் பூ வைத்து வருவது நம் வழக்கம், காட்டுக்கு மட்டும் விலக்கு.

#17 பலகைப்பாதை
மின்னல் ஒண்ணு விட்டுப்போச்சு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 வினாடிக்குள்ள இருந்தா அது கிட்டத்துல இருக்கு. பாலத்துலயோ ஜெலுத்தோங் கோபுரத்துலயோ நிக்காதீங்க. தனியா நிக்குற பெரிய மரத்தடியும் வேணாம். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சுத்தான் மறுபடி நடக்கணும். காத்து பலமா அடிச்சா அன்னைக்கு நடையையே விட்டுருங்க, கிளை முறியறதுக்கு மழை வரணும்னு இல்ல. விடியக்காலையிலேயே புயல்மழை வந்துட்டா தெம்புசு சொன்ன வரிசையை அப்படியே திருப்பி, குளம் முதல்ல, நடை இன்னொரு நாள்.

#18 கரையோரம்
விழுந்தவரை எங்கே தேடுவது என்பதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். சந்திப்புகளில் உள்ள வழிகாட்டிப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடர்ந்த மரத்தடியில் கைபேசியின் இடக்காட்டி தப்பாகக் காட்டும், பலகை தப்பாது. அவசரத்துக்கு 995, விழுந்த மரம் என்றால் பூங்காக் கழகத்தின் 1800 471 7300, காயப்பட்ட விலங்கு என்றால் அதே கழகத்தின் 1800 476 1600.

#19 செங்காங்வாசி
எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டேன். சனிக்கிழமை 7 மணிக்கு அப்பர் தாம்சன், பெரியவங்க ரெண்டு பேரும் லோவர் பியர்ஸுக்கு டாக்சி, 11க்குக் காசுவரினா ரோடு, 1க்குத் தெம்பனிஸ், 5க்குப் பிடோக். செஸ்ட்நட் இந்தத் தடவை வேணாம். லைக்ரா உடைக்கு இப்பவே திருச்சிக்குச் செய்தி அனுப்புறேன்.

#20 நீர்க்காகம்
அளவு எடுத்து இங்கேயே வாங்கிவிடுங்கள். ஊரில் வெறும் பாலியெஸ்டரை லைக்ரா என்று விற்கும் கடைகள் உண்டு. விரலால் இழுத்து விட்டால் உடனே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும், தளர்ந்து தொங்கினால் அது வேறு துணி. பிள்ளைக்கு நீச்சல் கண்ணாடியும் சேர்த்து வாங்குங்கள். கண்ணில் வைத்து அழுத்தி, வாரைப் போடாமலே இரண்டு வினாடி ஒட்டி நின்றால் அதுதான் அவளுக்கான அளவு.